காமிக்ஸ் அச்சுக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்: 31,000 ரூபாய் போன கதை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையாறு பக்கத்தில் சொந்தமாகக் காமிக்ஸ் போடும் தமிழர்கள் அச்சுக்குப் பெரும்பாலும் கோவைக்குத்தான் போகிறோம். அங்கே ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் 31,000 ரூபாய் போய்விட்டது. நேற்றுதான் கட்டைப் பிரித்தோம், வயிறு எரிகிறது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பேசியது இது: 18×24 செ.மீ. அளவு, உள்ளே 48 பக்கம் கருப்பு வெள்ளை, 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) மேப்லித்தோ தாள், அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, நடுவில் பின். 500 பிரதி, ஒன்றுக்கு 62 ரூபாய்.

படங்களை 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) பிட்மேப்பாக, அதாவது சாம்பல் கலக்காத தனிக் கருப்பு வெள்ளையாக வைத்து பிடிஎஃப் கொடுத்தோம். லேசர் பிரிண்டரில் ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துக் காட்டினார்கள், கோடெல்லாம் கத்தி மாதிரி இருந்தது. "பிளேட் போடறதுக்கு முன்னாடி நானே ஒருக்கா பாத்துடறேனுங்க தம்பி, படக்கதைன்னா எனக்கு உசுரு" என்றார் பொறுப்பாளர். அந்தப் பேச்சை நம்பித்தான் மீதிப் பணமும் உடனே கைமாறியது.

ப்ரூஃப் எங்கள் பிடிஎஃப்பிலிருந்து வந்தது. பிளேட் (அச்சடிக்கும் தகடு) வேறு ஃபைலிலிருந்து போயிருக்கிறது. பக்கம் அடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஜேபெக்காக மாற்றி, டிபிஐயையும் குறைத்திருக்கிறார்கள். அப்படி மாற்றினால் கருப்புக் கோட்டின் ஓரத்தில் சாம்பல் நிறம் சேரும். சாம்பல் நிறம் ஆஃப்செட்டில் புள்ளி புள்ளியாகத்தான் விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோட்டோரம் பல் பல்லாக இருக்கிறது. வசனத்தின் கதியோ அதைவிட மோசம். சின்ன எழுத்தில் மெய்ப்புள்ளியே காணோம், "பக்கம்" என்பது "பககம" என்று நிற்கிறது. மாதக்கணக்கில் வரைந்த வேலை ஐயா இது!

தாளிலும் ஏமாற்று. 48 பக்கம் என்றால் 24 தாள், மொத்தம் 1.04 சதுர மீட்டர். 100 ஜிஎஸ்எம் என்றால் உள்தாள் மட்டும் 104 கிராம், அட்டை 22 கிராம், ஆக 126 வரவேண்டும். மளிகைக்கடைத் தராசில் 95தான் காட்டியது. அது 70 ஜிஎஸ்எம் கணக்கு. பின்பக்கத்துக் கருப்பு முன்பக்கத்து முகங்களில் தெரிகிறது. இதற்கா 31,000 ரூபாய்?

சரக்கு தாமதமானபோது "வண்டி வாளையாறு செக்போஸ்ட்ல மாட்டிக்கிச்சு" என்றார்கள். அங்கே வணிகவரிச் சோதனையை 2017இல் ஜிஎஸ்டி வந்ததுமே எடுத்தாயிற்று. எழுத்து போனதைக் கேட்டால் "மை காயட்டும், சரியாயிடும்". மறுபடி கேட்டால் "ப்ரூஃப்ல கையெழுத்துப் போட்டீங்கல்ல?" இப்போது ஃபோனையே எடுப்பதில்லை. 31,000 ரூபாய்க்கு ஜிஎஸ்டி பில்லும் இல்லை, துண்டுச்சீட்டுதான்.

நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை:

கொடுத்த ஃபைலை மாற்றாமல் பிளேட் போடுவோம் என்று எழுதி வாங்குங்கள். லேசர் ப்ரூஃபை நம்பாதீர்கள், மிஷினில் ஓடிய முதல் தாளை நேரில் பாருங்கள். ஜிஎஸ்எம் பில்லில் இருக்கட்டும். கட்டு வந்ததும் ஒரு பிரதியை எடை போட்டுப் பார்த்த பிறகே பாக்கியைக் கொடுங்கள்.