ரெய்ஷி பொடி என்று தானிய மாவை விற்கிறார்கள், உஷார்!

ரெய்ஷி என்ற மருத்துவக் காளானின் பொடி, ஆறு டப்பா. அதற்கான முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஓர் ஆன்லைன் சப்ளிமென்ட் கடை அனுப்பியது தானிய மாவு. சோதித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வயிறு எரிகிறது.

நம்ப வைத்தது லேபிளில் இருந்த 'பாலிசாக்கரைடு 40%' (சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலிதான் பாலிசாக்கரைடு). கூடவே பெரிய முத்திரையோடு ஓர் ஆய்வக அறிக்கை. நோய் எதிர்ப்பு அணுக்களின் டெக்டின்-1 ஏற்பியில் ஒட்டி அவற்றைத் தூண்டுவது காளானில் உள்ள பீட்டா-குளூக்கன். அது பாலிசாக்கரைடுதான், சரி. ஸ்டார்ச்சும் பாலிசாக்கரைடுதானே! அந்த 40-இல் எது எவ்வளவு? அறிக்கையில் ஈயம், ஆர்சனிக், பாக்டீரியா எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது. பீட்டா-குளூக்கனுக்கு ஒரு வரி இல்லை.

முதலில் காட்டிக்கொடுத்தது நாக்கு. ரெய்ஷி என்றால் கசக்க வேண்டும், அதன் ட்ரைடெர்பீன்கள் அப்படி. இது சப்பென்று மாவு ருசி. அரை டீஸ்பூன் பொடியை ஒரு கப் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு (சூட்டில் நிறம் நிற்காது) தெளிந்த நீரில் ஐந்து சொட்டு அயோடின் விட்டால், மைக்கறுப்பு! ஸ்டார்ச் இருந்தால்தான் இப்படிக் கறுக்கும். காளான் ஸ்டார்ச் சேமிக்காது, கிளைக்கோஜன்தான். தானியத்தில் பூசண இழையைப் படரவிட்டு, பிரிக்காமல் அப்படியே காயவைத்து அரைத்திருக்கிறார்கள். காளான் வளர்ப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வித்து. வித்துக்குப் போனது ஆறு டப்பா பணம்.

இழையே மட்டம் என்றில்லை. ஜப்பானில் 1977-இல் புற்றுநோய்த் துணைமருந்தாக அனுமதி பெற்ற பிஎஸ்கே, டர்க்கி டெயில் காளானின் இழையிலிருந்து வந்ததுதான். ஆனால் அது பிரித்தெடுத்த சாறு.

கடையைக் கேட்டதற்கு முதல் பதில்: "இயற்கைப் பொருள், நிறம் மாறும்." அடுத்தது: "மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிடுங்கள்." கறுத்த கோப்பையின் படத்தை அனுப்பினால், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது". எங்கே தீர்ந்தது? ஆறு டப்பா பணம் திரும்ப வந்ததா?

வாங்குபவர்களுக்கு: பீட்டா-குளூக்கனையும் ஆல்ஃபா-குளூக்கனையும் (ஸ்டார்ச் இந்த வகைதான்) தனித்தனியாக எழுதாத டப்பாவைத் தொடாதீர்கள். வெந்நீர்ச் சாறா, வெறும் பொடியா என்று கேளுங்கள். காளான் செல்லின் கெட்டியான கைட்டின் சுவருக்குள் சிக்கியதை வெறும் அரைப்பு முழுதாக விடுவிக்காது. அயோடினில் கறுக்கவில்லை என்றாலும் நம்பிவிடாதீர்கள், ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் கலப்படம் அதில் தப்பிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் ரெய்ஷி பக்கமே போகவேண்டாம்.

ஆறில் ஐந்து டப்பா சீல்கூட உடைக்கவில்லை. அதையும் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.