நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் டி செல்: கொடையாளருடையதா, மாற்றியமைத்த சொந்த செல்லா?

நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் மைலாய்டு, லிம்போசைட்டிக் என இரு முக்கிய வகைகள் உண்டு. இரண்டிலும் ஆயுதம், நோய் எதிர்ப்பு வெள்ளணுவான டி செல்தான். ஆனால் களம் வேறு.

மைலாய்டு வகையில் எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் நோய் திரும்பினால், மஜ்ஜை தந்த அதே கொடையாளரின் லிம்போசைட்டுகளை (டி செல் அடங்கிய வெள்ளணுக்களை) ஏற்றலாம். 1990-இல் ஜெர்மனியில் மருத்துவர் கோல்பின் குழு இதை வெளியிட்டது. மரபணு மாற்றம் எதுவும் தேவையில்லை. உடன்பிறந்தவர் கொடையாளர் என்றால் பெரும்பாலும் உடல் எடை கிலோவுக்கு 1 கோடி டி செல்லில் தொடங்குவார்கள். உறவல்லாதவர் என்றால் அதைவிடக் குறைவு. சில வாரங்கள், மாதங்கள் பொறுத்தே அளவைக் கூட்ட வேண்டும். பலன் மெதுவாகத்தான் தெரியும். அவசரப்பட்டு கூட்டினால் அந்தச் செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலையே தாக்கும்.

லிம்போசைட்டிக் வகையில் சிக்கல் மூலப்பொருளிலேயே இருக்கிறது. நோயாளியின் டி செல்கள் நெடுநாள் தூண்டுதலால் களைத்து, செயல்பாட்டைத் தடுக்கும் பிடி-1 என்ற ஏற்பியை மேற்பரப்பில் ஏந்தி, புற்றணுவோடு சரியாக ஒட்டவே திணறும். அவற்றை எடுத்து, புற்றணுவின் மேலுள்ள சிடி19 புரதத்தைக் குறிவைக்கும் கார் என்ற செயற்கை ஏற்பியை மரபணு மாற்றத்தால் பொருத்தித் திருப்பி ஏற்றுவதே கார்-டி. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் லிசோகாப்டாஜீன் என்ற கார்-டி சிகிச்சைக்கு இவ்வகை நோயில் அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் முழுப் பலன் பெற்றவர்கள் சுமார் 20 சதவீதமே. களைத்த செல்லே இதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்நோய்க்கான இப்ரூட்டினிப் மருந்தை எடுக்கும் காலத்தில் டி செல்களைச் சேகரித்தால் செல்லின் தரம் மேம்படுவதுண்டு.

கார்-டியில் ஆபத்து விரைவில் வரும்: காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி, குழப்பம். காய்ச்சலும் அழுத்த வீழ்ச்சியும் கடுத்தால் டோசிலிசுமாப் என்ற அழற்சி தணிக்கும் மருந்து, குழப்பத்துக்கு ஸ்டீராய்டு. சிடி19 உள்ள கிருமியை எதிர்க்கும் நல்ல பி செல்களும் அழிவதால் தொற்று பின்தொடரும்.