ஐ20 வீலை ஸ்விஃப்டில் போட்டு 14 மாதம் ஓட்டிய அனுபவம்

என் ஸ்விஃப்ட் சத்துவாச்சாரியில், மச்சானின் ஐ20 காட்பாடியில். ரெண்டிலும் வெளியில் வாங்கிப் போட்ட அலாய்தான், 195/60 ஆர்15 டயர். அவனுடைய வீல் அகலமானது, பார்க்கவே லட்சணமாக இருக்கும். "மாமா, ரெண்டுமே நாலு நட்டு, 4×100 தானே (நாலு நட்டும் 100 மில்லி வட்டத்தில்). கொஞ்ச நாள் மாத்திப் போட்டுப் பாப்போமா?" என்றான். போன வருஷம் தை மாசம் மாற்றினோம். 16,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நடு ஓட்டையும் ரெண்டு வண்டிக்கும் 54.1 மில்லிமீட்டர் என்பதால் ஹப் ரிங்கைக்கூட (வீல் ஓட்டைக்கும், வீல் உட்காரும் ஹப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் வளையம்) தொட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பார்க்காமல் விட்டது வீலின் பின்பக்கம் பொறித்திருக்கும் எண்ணை. என்னுடையது 6ஜே, ஈடி 45. அவனுடையது 7ஜே, ஈடி 35. ஜே-க்கு முன்னால் இருப்பது வீலின் அகலம், அங்குலத்தில். ஈடி என்பதுதான் ஆஃப்செட்: வீல் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் போய் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். இந்த வீல்களில் எண் குறைந்தால் வீல் வெளியே வரும். அதில் 10 மில்லி. கூடுதல் ஓர் அங்குல அகலத்தில் பாதி 12.7 மில்லி. ஆக, பக்கத்துக்கு 22.7 மில்லி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. உள்பக்கம் 2.7 மில்லிதான் கூடியது, ஷாக் அப்சார்பரில் எங்கும் படவில்லை.

மாற்றிய அன்றே ஒரு கோளாறு. நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டில், மரைக்கு மரை இடைவெளி ஸ்விஃப்டுக்கு 1.25 மில்லி, ஐ20-க்கு 1.5. தடிமன் ரெண்டும் 12 மில்லி என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கடைப் பையன் நட்டுகளைக் கலந்து வைத்துவிட்டு, ஐ20 நட்டை என் வண்டியில் நட்டு முறுக்கும் கன்னால் அடித்தான். ரெண்டு சுற்றில் இறுகி நின்றது. கழற்றினால் நட்டுக்குள் வெள்ளி இழை மாதிரி மரை உரிந்து வந்தது. ஸ்டட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. நட்டு வண்டியோடுதான் இருக்கணும், வீலோடு போகக் கூடாது.

முதல் மூணு மாதம் சந்தோஷம்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி அசையாமல் உட்கார்ந்து திரும்பியது. அதை மறுக்க மாட்டேன்.

பிறகு ஒரு பௌர்ணமிக்கு அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான், திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். கண்ணமங்கலம் தாண்டி ஒரு வேகத்தடையில் பின்னாலிருந்து 'சர்ர்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் டயரின் தோளில் விரல் அகலத்துக்கு ரப்பர் வழித்த தடம், ஃபெண்டர் உள்விளிம்பில் பெயிண்டே இல்லை. தனியாக ஓட்டும்போது ஒரு நாளும் இது தெரிந்ததில்லை. மாற்றிப் போடுகிறவர்கள் முழு லோடு ஏற்றி, ஒரு மேடு இறக்கிப் பாருங்கள்.

ஸ்டீயரிங்கும் மாறிப்போனது. நடுக்கோடு 10 மில்லி வெளியே போனதால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் கையை வெடுக்கென்று இழுக்கும். குழாய் போடத் தோண்டி அரைகுறையாக மூடின தெருக்களில் தினமும் அந்த இழுப்புதான். அலைன்மென்ட் ரெண்டு தடவை பார்த்தும் போகவில்லை. மழையில் கதவு முழுக்கச் சேறு. 13,000 கிலோமீட்டரில் முன் இடது பேரிங் முனக ஆரம்பித்தது. வண்டிக்கும் வயசாகிவிட்டது, முழுப் பழியையும் வீல் மேல் போட மாட்டேன். ஆனால் வீல் வெளியே போகப் போக பேரிங்கில் பாரம் கூடும் என்பது நிஜம்.

மச்சானுக்கு ஓட்டுவதில் குறையே இல்லை, சக்கரம் உள்ளே ஒடுங்கினதுதான் பிடிக்கவில்லை. வீலை வெளியே தள்ள ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே 10 மில்லி தட்டு, அதாவது ஸ்பேசர், வைக்கிறேன் என்றான். ஸ்டட்டில் நட்டு பிடிக்க மரை குறைந்துவிடும் என்று நான்தான் தடுத்தேன்.

பங்குனியில் திருப்பி மாற்றிக்கொண்டோம். வேலப்பாடி வழியாக ஒரு சுற்று வந்தேன், இழுப்பு இல்லை. பேரிங் புதுசு போட்டாச்சு. ஃபெண்டர் விளிம்பில் துரு ஏறாமல் ப்ரைமர் மட்டும் அடித்திருக்கிறேன், பெயிண்ட் இன்னும் பாக்கி.