ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு.: பதிவறையில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போது போடும் இந்த நான்கு குறிகளும் மதராஸ் மாகாணக் காலத்து டாட்டன்ஹாம் முறை என்ற அலுவலகக் கோப்பு நடைமுறையின் வழி வந்தவை. முடித்த கோப்பை எவ்வளவு காலம் வைப்பது என்பதை இவை சொல்லும்: ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. கோப்பு தொடங்கும்போது பெறும் ந.க. எண்ணே முடிவு எண்ணாகவும் நிற்கும். தனியாக இன்னொரு எண் கிடையாது. எழுத்தர் தன் கோப்புகளுக்கு வைக்கும் தன்பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே முடிவு வகையும் தேதியும் ஏறிவிட்டால் போதும், கோப்பு எந்தக் கட்டில் இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

இந்த முறையின் பெரிய பலம், எவ்வளவு காலம் வைப்பது என்ற முடிவைக் கோப்பை நடத்தியவரே, அதை முடிக்கும் அன்றே எடுப்பதுதான். பத்து வருடம் கழித்துப் பதிவறை எழுத்தர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, இது தேவையா இல்லையா என்று படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதல் சிக்கலும் அங்கேதான். 'எதற்கு வம்பு' என்று எல்லாவற்றுக்கும் ப.மு. அல்லது நி.மு. போட்டுவிடுகிறார்கள். தற்செயல் விடுப்புக் கடிதமும் கூட்ட அழைப்பும் நில ஒப்படைப்பு ஆணைக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். நி.மு. என்று எழுதினால் கண்காணிப்பாளர் ஒரு வரியில் காரணம் கேட்க வேண்டும். சொத்து, உரிமை, பணிநிலை, கொள்கை முடிவு, முன்னுதாரணம் ஆகக்கூடிய ஆணை, இந்த ஐந்தில் எதிலும் வராவிட்டால் குறியை இறக்கச் சொல்லலாம். இந்த ஒரு கேள்விக்கே பாதிக் கட்டு குறையும்.

இரண்டாவது சிக்கல் ஆண்டுக் கணக்கு. எண்ணில் இருப்பது கோப்பு தொடங்கிய ஆண்டு. காலம் ஓடுவதோ முடித்த நாளிலிருந்து. மூ.மு. 2345/2019 என்ற கோப்பு மார்ச் 2022-ல் முடிந்திருந்தால், எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடுபவர் 2022-லேயே அதைக் கழித்துவிடுவார், அதாவது அழிக்க எடுத்துவிடுவார். உண்மையில் மார்ச் 2025 வரை இருக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாகக் கழிக்கும் அலுவலகத்தில் ஜனவரி 2026-ல்தான் அதன் முறை வரும். மேலட்டையின் வலது மூலையில் சிவப்புப் பென்சிலால் 'அழிப்பு 1/2026' என்று முடிக்கும் அன்றே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

பதிவறைக்கு அனுப்பும் முன் பத்து நிமிட வேலை உண்டு. கூடுதல் நகல்களையும் வெறும் நினைவூட்டுக் கடிதங்களையும் உருவ வேண்டும். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாடா கோர்க்க வேண்டும். இரும்பு துருப்பிடித்தால் ஊசி இருந்த இடத்தில் தாள் பொடிந்து ஓட்டையாகிவிடும். ரப்பர் பேண்டு இன்னும் மோசம், உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பழைய ஃபேக்ஸ் தாள் இருந்தால் ஜெராக்ஸ் எடுத்துச் சேர்ப்பது கட்டாயம். அதன் எழுத்து தானாகவே மங்கிவிடும். பிறகு பக்க எண். நான்கு குறிகளுக்கும் தனித்தனிக் கட்டு. ஒரே கட்டில் கலந்தால் கழிக்கும் நாளில் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரமாகவும், அலமாரி சுவரை ஒட்டாமலும் இருந்தால் கரையான் ஏறுவது சீக்கிரமே கண்ணில் படும்.

கோப்புகள் அதிகம் தொலைவது முன்கோப்பு இணைப்பில். பழைய மூ.மு. கோப்பை எடுத்துப் புதிய நடப்புக் கோப்போடு கட்டுவார்கள். அது முடிந்ததும் சேர்ந்தே ப.மு. கட்டுக்குள் போய்விடும். பழைய இடத்தில் வெற்றிடம் மட்டுமே மிஞ்சும். எடுக்கும்போதே அந்த இடத்தில் எண், தேதி, வாங்கியவர் பெயர் எழுதிய சீட்டு ஒன்றைச் செருகாவிட்டால், வழங்கல் பதிவேட்டை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கழிப்பது என்பது யாருடைய தனி வேலையாகவும் இல்லாததால் அப்படியே தள்ளிப்போகும். ஜனவரியில் பட்டியல் எடுத்து, அதில் மூன்று விஷயங்களைப் பிரிவுகளிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: தணிக்கைத் தடை (தணிக்கையில் எழுந்த ஆட்சேபம்) நிலுவையா, வழக்கு நடக்கிறதா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு வந்திருக்கிறதா. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே, காலம் முடிந்திருந்தாலும் கோப்பு தங்க வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, மனுவில் கேட்கப்பட்ட தகவலை அழித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விழலாம். மூன்றுக்கும் பதில் வந்த பிறகே அலுவலகத் தலைவர் ஒப்புதல்; பதிவேட்டில் அழித்த தேதி, சுருக்கொப்பம். எடைக்குப் போடுவதென்றால் கிழித்துத்தான் போட வேண்டும். முழுத்தாளாகப் போனால் ஆதார் நகலோடு பஜ்ஜி மடிக்கப் போய்ச் சேரும்.

கணினியிலேயே கோப்பு நடத்தும் இ-ஆபீஸுக்கு மாறிய பிரிவுகளில் அலமாரிக்கு நெருக்கடி குறைந்தது நிஜம். ஆனால் இடம் அடைக்காததால் முடித்த கோப்பை மூடாமலே விட்டுவிடும் பழக்கம் அங்கே கூடிவிட்டது. மூடாத கோப்புக்குக் காலம் ஓடவே தொடங்காது; மாதம் ஒருமுறை திறந்த கோப்புகளின் பட்டியலை எடுத்துக் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தால்தான் நகர்கிறது.