கப்சாயில் 9 வருஷம்: வண்டியை நிமிர்த்தி வைப்பது யார்?

மலேசியாவில், பினாங்கின் நிலப்பகுதியில் உள்ள பிறை என்ற ஊரில் வீடு, எதிரே தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. 9 வருஷமாகப் பினாங்குப் பாலத்தில் போய் வருவது ஒரே மோட்டார் சைக்கிளில்தான். கப்சாய் என்று இங்கே சொல்லும் 110 சிசி சின்ன மோட்டார், 17 அங்குலச் சக்கரம், ஒடுக்கமான டயர், நூறு கிலோ சொச்சம் எடை. மீட்டர் இந்த மாதம் 98,000-ஐத் தாண்டியது. எண்ணெய்ச் செலவு, என்ஜின் உழைப்பு பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டே சக்கரத்தில் இது எப்படி விழாமல் ஓடுகிறது, எப்படித் திரும்புகிறது என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டதை மட்டும் எழுதுகிறேன். வண்டியை நான் பார்க்கும் விதமும் பராமரிக்கும் விதமும் அதனால்தான் மாறின.

முதல் வருஷம் ஹேண்டலை இறுக்கிப் பிடித்துத்தான் ஓட்டினேன். பாலத்தின் நடுவில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். இரும்பு இணைப்புகள்மேல் டயர் ஏறி இறங்கும். விழுந்துவிடுவோமோ என்று பிடியை இன்னும் இறுக்குவேன், வண்டி இன்னும் அலையும். வேலை முடிந்து வீடு வந்தால் தோள்பட்டை இரண்டும் கல் மாதிரி இருக்கும். அப்போது எங்கள் ஷிப்டில் இருந்த ஒரு அண்ணன் சொன்னார்: "கைய லூசா வுடுங்க தம்பி. அது தானா போவும்."

தானாகப் போவது உண்மை. அதன் காரணம் முன்சக்கரத்தில் இருக்கிறது. ஹேண்டல் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். பெரும்பாலான மோட்டார்களில் 7 முதல் 11 சென்டிமீட்டருக்குள் இருக்கும். சூப்பர்மார்க்கெட் டிராலியின் சக்கரம் தள்ளுகிற பக்கம் பின்னால் இழுபட்டு வருகிறதே, அதே வேலைதான். வண்டி இடது பக்கம் சாயத் தொடங்கினால் தரை கொடுக்கும் எதிர்விசை முன்சக்கரத்தையும் இடது பக்கம் திருப்புகிறது. சக்கரம் விழுகிற பக்கமே ஓடி எடைக்கு அடியில் வந்து நிற்க, வண்டி நிமிர்ந்துவிடுகிறது. பாலத்தில் 80-ல் போகும்போது இது இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கிறது. இறுக்கிப் பிடித்த கை அதைத்தான் தடுக்கிறது.

சுழலும் சக்கரத்தின் பம்பர விசைதான் வண்டியை நிறுத்தி வைக்கிறது என்று பள்ளியில் கேட்டது என் மனதில் ரொம்ப நாள் இருந்தது. அந்த விசை உண்டு. சாயும் பக்கம் ஹேண்டலைத் திருப்ப அதுவும் உதவுகிறது. ஆனால் முழுக் காரணம் அது கிடையாது. இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் ஜோன்ஸ் 1970-ல் ஒரு சைக்கிளின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்ப்பக்கம் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினார். பம்பர விசை அடிபட்டுப் போனது, ஆனாலும் அதை ஓட்ட முடிந்தது. 2011-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பம்பர விசையும் இல்லாமல், டிரெயிலும் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி ஒரு சிறு சைக்கிளைச் செய்து ஆளில்லாமல் தள்ளிவிட்டார்கள். முன்பகுதியின் எடை அமைந்த விதத்தாலேயே அது தானாக நிமிர்ந்து ஓடியது. மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. எதுவானாலும் சாயும் பக்கம் ஹேண்டல் தடையில்லாமல் திரும்ப வேண்டும்.

சரி, திரும்புவது எப்படி? இடது பக்கம் போக இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். முதலில் நான் நம்பவில்லை. ஒரு ஞாயிறு காலை, பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் ஆளில்லாத நேரான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இடது உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பார்த்தேன். சக்கரம் இம்மியளவு வலது பக்கம் திரும்பியது, வண்டி உடனே இடது பக்கம் சாய்ந்து இடது பக்கமே போனது. டயர் தொடும் இடம் வலப்புறம் நகர்ந்துவிடுவதால் மேலே இருக்கும் எடை இடப்புறம் சாய்கிறது. சாய்ந்ததும் சக்கரம் தானே இடது பக்கம் திரும்பி வளைவைப் பிடித்துக்கொள்கிறது. இதைத்தான் கவுண்டர்ஸ்டீயரிங் என்கிறார்கள். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். இடது பக்கம் திரும்புகிறவர் முதலில் ஹேண்டலைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்புகிறார், செய்கிறவருக்கே அது தெரிவதில்லை என்று வில்பர் ரைட் அப்போதே கவனித்திருக்கிறார். மோட்டார் ஓட்டுகிற எல்லாரும் தெரியாமல் செய்வதுதான். ஆனால் திடீரென்று முன்னால் ஒரு லாரி டயர் துண்டு கிடந்தால், தெரிந்து அழுத்துகிற கை முந்திக்கொள்ளும். என்னை இரண்டு முறை காப்பாற்றியது அதுதான்.

காற்றுக்கும் இதே மருந்து. பத்து காவானிலிருந்து பத்து மௌங் போகும் இரண்டாவது பாலம் மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் 16.9 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. ஒதுங்க ஒரு கட்டடம் கிடையாது. வலது பக்கத்திலிருந்து காற்று தள்ளினால் வலது கைப்பிடியை மெல்ல அழுத்துகிறேன். வண்டி காற்றின் மேல் சாய்ந்துகொண்டு நேராகப் போகிறது. காற்று திடீரென்று நின்றால் அழுத்தத்தையும் உடனே விட வேண்டும், அதற்குக் கை தளர்வாக இருந்தால்தான் முடியும்.

இனி பராமரிப்பு. தினமும் நேர்ச்சாலையில் ஓடும் வண்டிக்கென்றே இரண்டு தேய்மானம் உண்டு.

ஒன்று, பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். பாலத்தில் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு துன் சார்டோன் மலைச்சாலை வழியாகப் பாலிக் பூலாவுக்கு டுரியான் சாப்பிடப் போகும்போதுதான் தெரியும். சாய்க்கத் தொடங்கினால் முதலில் மறுக்கும், பிறகு ஒரு விளிம்பைத் தாண்டியதுபோல் சட்டென்று விழும். டயரின் வட்ட முதுகு போய்விட்டதால் வருவது அது. டயரின் வரிப்பள்ளம் இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று முன்பெல்லாம் விட்டுவைப்பேன். இப்போது தட்டையானாலே மாற்றிவிடுகிறேன்.

இரண்டாவது, ஹேண்டல் சுலபமாகத் திரும்புவதற்கு அதன் தண்டில் இருக்கும் கோன் பேரிங். 60,000 கிலோமீட்டர் வாக்கில் வண்டி மெதுவாகப் போகும்போது தள்ளாட ஆரம்பித்தது. ஒரு கடையில் டயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், சரியாகவில்லை. பட்டர்வொர்த்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் டபுள் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கி, ஒரு விரலால் ஹேண்டலைத் தள்ளிப் பார்த்தார். நடு இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தது. "டயர்ல ஒண்ணும் இல்ல தம்பி. கோன் போயிருச்சு." வருஷக்கணக்காக ஹேண்டல் நேராகவே இருந்ததால் பேரிங் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்துக் குழி விழுந்திருக்கிறது. நொடிக்கு நொடி இம்மியளவு திரும்பித் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டிய சக்கரம் குழியில் மாட்டிக்கொண்டால் எப்படி நிமிரும்? மாற்றிய அன்று பாலத்தில் புது வண்டி ஓட்டுவதுபோல் இருந்தது. பழைய மோட்டார் வாங்குகிறவர்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்கும் முன் இந்த ஒரு விரல் சோதனையைச் செய்யுங்கள். ஹேண்டலில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் தொங்கவிடும் பழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். ஆடுகிற எடை சக்கரத்தை அதன் போக்கில் விடுவதில்லை.

அந்தத் துன் சார்டோன் வளைவுகளில் வேகம் பற்றி ஒரு கணக்கு. 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 27 பாகை சாய்ந்தால் போதும். அதே வளைவில் 50 என்றால் 38 பாகை. தேவைப்படும் பிடிமானம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் பத்து கிலோமீட்டர் இவ்வளவு கேட்கிறது. என் கப்சாயில் அதற்கு முன்பே ஃபுட்ரெஸ்ட் தரையை உரசும். டயரின் பிடிமானம் ஒன்றுதான். பிரேக்கும் வளைவும் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆகவே பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிடுவேன், மழையில் வெள்ளைக்கோட்டின் மேல் சாயவே மாட்டேன்.

பின்னால் உட்காருகிறவருக்கும் வேலை உண்டு. என் மனைவி முன்பு வளைவுக்கு எதிர்ப்பக்கம் சாய்வாள். அவளுடைய 58 கிலோ எதிர்ப்பக்கம் போனால் வண்டியை நான் இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டும். "நீ சாயவே வேணாம். எந்தப் பக்கம் வளைவோ அந்தப் பக்கத்து என் தோளுக்கு மேல பாரு, போதும்" என்றேன். பாலிக் பூலாவ் போய் இறங்கியதும், "இன்னிக்குப் பயமே இல்லீங்க" என்றாள்.

மெதுவான வேகத்தில் மட்டும் இந்த வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்வதில்லை. பாலத்து நுழைவில் நெரிசலில் ஊரும்போது நான்தான் ஹேண்டலைப் பெரிதாகத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கிறேன். பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி கைப்பிடியைத் திருகிக் கொஞ்சம் எண்ணெய் கொடுத்தால் ஆட்டம் குறைகிறது. கார்கள் நடுவே நேரம் கிடைக்கும் போதெல்லாம் இதைப் பழகிக்கொள்கிறேன்.

இந்த வாரம் பார்த்தேன், பின் டயரின் நடு மறுபடியும் தட்டையாகத் தொடங்கியிருக்கிறது. சனிக்கிழமை பட்டர்வொர்த் போகிறேன். கோனையும் ஒருமுறை விரலால் தள்ளிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.