எழுத்து அட்டைப் பெட்டி: எட்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

முதல் மூன்று வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிப்பதற்காக எழுத்து அட்டைப் பெட்டி ஒன்றை எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இடையில் அதை ஒருமுறை முற்றிலும் கலைத்துவிட்டுப் புதிதாகச் செய்ய நேர்ந்தது. முதல் மாத முடிவிலேயே இந்த அனுபவத்தை எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன்; அட்டைகள் குழந்தைகளுக்கும் புதிது, எனக்கும் புதிது, வகுப்பே கலகலவென்று இருந்தது. அந்தப் புதுமை தீர்ந்த பிறகு எது நின்றது, எது மூலையில் கிடந்தது, பெட்டியால் ஆகாத வேலையை எதைக் கொண்டு செய்தேன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் பெட்டியில் 247 அட்டைகள் இருந்தன. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று நெடுங்கணக்கு முழுவதையும் வெட்டி எழுதி ஒட்டியிருந்தேன். பார்வைக்கு நிறைவாக இருந்த அந்தப் பெட்டி பாடத்துக்குப் பெரும் இடைஞ்சலாக இருந்தது. ‘மாடு’ என்ற சொல்லை அமைக்க மா எங்கே, டு எங்கே என்று தேடுவதிலேயே குழந்தையின் கவனம் தீர்ந்துவிடும். பாடம் முடிந்ததும் அவற்றை வரிசைப்படுத்தி அடுக்குவது என் வேலையாகிவிடும். ஆண்டு முடிவில் பார்த்தபோது சில அட்டைகள் ஓரம் கிழிந்து கறுத்திருந்தன, சிலவற்றில் கைபட்ட தடமே இல்லை. ஙகர வரிசையில் ‘ங்’ ஒன்றைத் தவிர மற்றவை அச்சுக் குலையாமல் புத்தம் புதிதாக இருந்தன. ஙி, ஙூ, ஙௌ என்ற எழுத்துகளை எந்தக் குழந்தை எந்தக் கதையில் படிக்கப் போகிறது? ஆனாலும் நெடுங்கணக்கு அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிப்பதற்கு நாம் செலவிடும் வாரங்களில் அவற்றுக்கும் சம பங்கு கொடுக்கிறோம். ‘ஜன்னல்’, ‘பஸ்’ என்று குழந்தை நாள்தோறும் சொல்லும் சொற்களுக்கு வேண்டிய ஜ, ஸ ஆகியவற்றுக்கு அந்தப் பெட்டியில் இடமே வைக்கவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

இரண்டாவது பெட்டியில் அடிப்படை எழுத்துகளையும் குறிகளையும் தனித்தனியாகப் பிரித்தேன். க, ச, ட, த என அகரமேறிய வடிவங்கள் தடித்த அட்டையிலும், புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் கண்ணாடித் தாள் துண்டுகளிலும் இருந்தன. கண்ணாடித் தாளை எழுத்தின் மேல் வைத்தால் க என்பது க் ஆகும், கி ஆகும். இலக்கணப்படி க் என்ற மெய்யோடு அ சேர்ந்துதான் க பிறக்கிறது. குழந்தையின் கையிலோ க முதலில் இருக்கிறது, புள்ளி வைத்தவுடன் அதிலுள்ள அகர ஒலி போய்விடுகிறது. இந்தத் தலைகீழ் வழியை மூத்த ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்டார். அவர் சொன்னது இலக்கணமாகச் சரியே. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரியும் வடிவத்திலிருந்து தொடங்குவதே எளிது என்ற என் எண்ணம் இன்றும் மாறவில்லை.

இந்தப் பிரிப்பு எல்லா வரிசைக்கும் ஒத்துவரவில்லை. உகர, ஊகார வரிசைகளுக்குப் பொதுக்குறி என்று ஒன்று கிடையாது. கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. ஆகவே அந்த 36 எழுத்துகளையும் முழு அட்டைகளாகவே வைத்தேன். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை மற்ற எழுத்துகளைப் போலவே குறி சேர்த்து எழுதும் வடிவம் பெற்றன; அதனால் அவற்றுக்குத் தனி அட்டை தேவைப்படவில்லை. அந்தச் சீர்திருத்தம் உகர வரிசையையும் தொட்டிருந்தால் என் பெட்டி இன்னும் சிறியதாக இருந்திருக்கும். (வீட்டுப் பரணிலிருந்து பழைய கதைப் புத்தகம் கொண்டுவரும் குழந்தை துதிக்கை வைத்த ‘னை’யைக் காட்டி இது என்ன எழுத்து என்று கேட்கும் நாளில் வகுப்பு முழுவதும் அதை வரைந்து பார்ப்பது வழக்கம்.)

அட்டைகள் எனக்குக் காட்டிக்கொடுத்த மிகப் பெரிய செய்தி ஒற்றைக் கொம்பைப் பற்றியது. ‘கெ’ என்று சொல்லும்போது ககர ஒலி முதலிலும் எகர ஒலி பின்னாலும் வருகின்றன. எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. காதை நம்பும் குழந்தை க அட்டையை முதலில் வைத்து அதன் வலப்பக்கத்தில் கொம்பை வைக்கிறது. நோட்டில் அப்படி எழுதினால் பிழை என்று சுழித்துவிட்டுப் போயிருப்பேன். மேசைமேல் அட்டையாகக் கிடந்தபோதுதான் குழந்தை ஒலியைச் சரியாகப் பிரித்திருக்கிறது, எழுத்தின் இடம் மட்டுமே அதற்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. அதன்பிறகு ஆகாரம், இகரம், ஈகாரம், உகரம் எல்லாம் கைக்கு வந்து, குறி போட்டுப் படிப்பது பழகிய பின்னரே கொம்பு வரிசைகளுக்குப் போகிறேன். ஒ, ஓ வரிசைகளில் எழுத்து இரண்டு பக்கமும் குறிகளைச் சுமப்பதால் அவை அதற்கும் பின்னால். கால் ‘ா’வும் ‘ர’வும், ஔகாரக் குறியின் பின்பகுதியும் ‘ள’வும் ஒன்றுபோல் தோன்றும் குழப்பத்துக்கு அட்டையில் தீர்வு கிடைக்கவில்லை. ‘கரம்’, ‘காரம்’ போன்ற சொற்களைப் பொருளோடு படித்துப் பழகுவதால்தான் அது தீர்கிறது.

எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுப்பது பற்றியும் ஒரு சொல். ‘பானா, டானா, இம்’ என்று கூட்டிச் சொல்லும் குழந்தை ‘படம்’ என்ற சொல்லுக்கு வந்து சேர நெடுநேரம் ஆகிறது. சில குழந்தைகள் வந்து சேர்வதே இல்லை. மகர மெய்யை உதடு மூடிய ‘ம்ம்’ என்ற முனகலாகவே சொல்லிக்கொடுத்த பிறகு ட, ப, ம என்ற மூன்று எழுத்துகளின் அட்டைகளும் புள்ளிகளும் கொண்டு படம், மடம், பட்டம், மட்டம் ஆகியவற்றைக் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடித்தார்கள். நெடுங்கணக்கு வரிசையை விட்டு, வடிவில் எளியதும் சொல்லில் மிகுதியாக வருவதுமான எழுத்துகளில் தொடங்குவது பழைய வழிதான். அதை நான் மீண்டும் கையில் எடுத்தேன், அவ்வளவே.

ண, ந, ன, ர, ற, ல, ழ, ள ஆகியவற்றுக்கு விதி சொல்வதைவிடச் சொல்லட்டைகளைக் கொட்டிப் பிரிக்கச் சொல்வது பயன்பட்டது. அவர்களுக்குத் தெரிந்த சொற்களைப் பிரித்து அடுக்கும்போது ‘ந’ சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் வருவதையும், ‘ற’ எந்தச் சொல்லையும் தொடங்காததையும், ‘ற்ற’ உண்டு, ‘ர்ர’ இல்லை என்பதையும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளே சொன்னார்கள். புலி, புளி, வலி, வழி போன்ற சொற்களுக்கு இத்தகைய வழி இல்லை. நாக்கு எங்கே படுகிறது என்று காட்டிச் சொல்லவைக்க வேண்டும், மறக்கும், மறுபடி சொல்லவைக்க வேண்டும்.

இவ்வளவு பயன்பட்ட பெட்டி மூன்றாம் ஆண்டில் என்னை ஏமாற்றியது. குழந்தைகள் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ஒரு பத்தியைக் கொடுத்து, படித்து முடித்ததும் யார் எங்கே போனார் என்று கேட்டால் விழித்தார்கள். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருகிவரும் விடை என்று கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு வாய்பாடாக எழுதினார்கள். பெருக்கல் என்பதால் ஒரு பக்கம் சுழியமானால் விடையும் சுழியமாகிவிடும். நான் ஒரு பக்கத்தை மட்டும் வளர்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. கூட்டாகப் படிக்கும்போது கணீரென்று படித்த ஒரு சிறுவன், பக்கத்திலிருந்தவள் தாளைப் புரட்டிய பிறகும் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டு புதிய பக்கத்துப் பாடத்தைப் பிழையில்லாமல் சொன்னான். அவனுக்குப் பாடம் முழுவதும் காதுவழியாக மனப்பாடம். அன்றிலிருந்து கூட்டு வாசிப்பை மதிப்பீடாகக் கொள்வதில்லை; வரியின் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, அதைத் தனியாகப் படிக்கச் சொல்கிறேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தாள் கட்டு வந்தது இந்தக் கட்டத்தில்தான். காலையில் ஒரு குழந்தை தன் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லும். அதை அனைவரும் பார்க்கத் தாளில் எழுதுவேன். அதுவே அன்றைய வாசிப்புப் பாடம். தொடக்கத்தில் குழந்தை சொன்னதைத் திருத்தி எழுதினேன். “பூனைக்குட்டி காணாமப் போச்சு டீச்சர்” என்றவளுக்கு ‘பூனைக்குட்டி காணாமல் போயிற்று’ என்று எழுதிக் காட்டியபோது அவள் அதைத் தன் வாக்கியமாக ஏற்கவேயில்லை. ‘போயிற்று’ என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டாள். அதன்பின் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். பெற்றோர் இருவர் வந்து, பள்ளிக்கூடத்திலேயே கொச்சை எழுதலாமா என்று கேட்டார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருந்தது. பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் இவ்வளவு தொலைவு இருக்கும்போது குழந்தையைப் பேச்சின் கரையிலேயே விட்டுவிட முடியாது. இப்போது முதல் நாள் அவர்கள் சொன்னபடியும், சில நாள் கழித்து அதன் கீழேயே எழுத்து வழக்கிலும் எழுதுகிறேன். மேலே இருப்பது ‘வீட்டுப் பேச்சு’, கீழே இருப்பது ‘புத்தகப் பேச்சு’. ஒன்றைச் சொன்னால் மற்றதாக மாற்றிச் சொல்லும் விளையாட்டை அவர்களே உருவாக்கினார்கள். கேள்விக்கு விடை தேடிக் கதையைத் திரும்பப் படிக்கும் பழக்கம் இந்தத் தாள்களால் வந்ததே தவிர அட்டைகளால் வரவில்லை.

இந்தத் தாள்கள் எழுத்துப் பிழைகளை நான் பார்க்கும் விதத்தையும் மாற்றின. இலை என்பதை ‘எல’ என்றும், குடையைக் ‘கொட’ என்றும், உடம்பை ‘ஒடம்பு’ என்றும் எழுதும் குழந்தை தன் வாயில் வரும் ஒலியை ஒன்றுவிடாமல் எழுதுகிறது. அதைச் சிவப்பு மையால் அடிப்பதற்குப் பதிலாக, ‘வீட்டுப் பேச்சு சரியாக எழுதியிருக்கிறாய், புத்தகப் பேச்சில் எப்படி வரும்?’ என்று கேட்கிறேன். ஒரு பக்கத்தில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துப் பேசுவது என்ற கட்டுப்பாட்டை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். மற்றவற்றைப் பார்த்தும் பாராமல் விடுவது ஆசிரியருக்கு மிகக் கடினமான பயிற்சி. பார்த்து எழுதும் வேலையைக் குறைத்துவிட்டேன். அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் நிரப்பிய பிறகு தான் எழுதியதில் ஒரு சொல்லையும் படிக்க முடியாத குழந்தைகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சுத் திறனுக்கு ஒரு துணிப்பை போதுமானதாக இருந்தது. பைக்குள் ஒரு பொருளை வைத்து, கையை விட்டுத் தடவிப் பார்த்து, பெயர் சொல்லாமல் விவரிக்கச் சொல்வேன். வழவழப்பு, சொரசொரப்பு, கூர்மை, குழிவு என்ற சொற்கள் அங்கேதான் பிறந்தன. மறுநாள் அதே சொற்கள் அட்டைகளால் அமைக்கப்பட்டன. கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை வாயைத் திறக்காமல் இருக்க நான் பழகியதும் பேசாத குழந்தைகள் சிலர் பேசத் தொடங்கினார்கள். ஒப்புவித்தல் போட்டிகளைப் பேச்சுப் பயிற்சியாக இப்போது கருதுவதில்லை. அதில் நினைவாற்றலும் துணிவும் வளரும், சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லும் தேவை எழாது. கைப்பேசியில் வாசிப்பைப் பதிவு செய்து மாதம் ஒருமுறை போட்டுக் காட்டியதும் ஓரளவே பயன்பட்டது. முதல் சில முறைக்குப் பின் குழந்தைகள் பதிவுக்காக மட்டும் வேகமாகப் படிக்கத் தொடங்கினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கண்ணாடித் தாள் துண்டுகள் கீறல் விழுந்து மங்கிவிடுகின்றன, ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருக்கிறது. க, த, ப, ம, ர ஆகியவற்றில் ஐந்து படியாவது இல்லாவிட்டால் குழந்தைகள் அட்டைக்காக அடித்துக்கொள்வார்கள். நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்புக்கு ஒரு பெட்டி எவ்வகையிலும் போதாது. ஆறு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் செய்தபோதுதான் எல்லார் கைக்கும் வேலை கிடைத்தது. மூன்றாம் வகுப்பின் நடுவில் சரளமாகப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு அட்டை சலித்துவிடும். அவர்களை அதில் நிறுத்திவைப்பது தவறு.

இப்போது மூன்றாவது பெட்டியைச் செய்துகொண்டிருக்கிறேன். ஜ, ஸ, ஷ, ஹ ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறேன்; ஙகர வரிசையில் ‘ங’ அட்டை ஒன்று மட்டும் இருக்கிறது, புள்ளி வைத்துக்கொள்ளலாம். போன ஆண்டு இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதாத அட்டை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, தன் தம்பியின் பெயரை எழுதிப் பெட்டிக்குள் போட்டாள். அடுத்த வாரத்துக்குள் பெட்டியில் பதினான்கு பெயர்கள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை எழுதாத அட்டைகளுக்கென்று ஒரு தனி அறையே வைத்திருக்கிறேன்.