ரெஃபூஜியத்தில் மெல்லிய மணல்: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

என் கடல்நீர் மீன்தொட்டியின் கீழறையிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பைக் கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்திருந்த மாலையில்தான் நண்பர் அழைத்து, பாசியும் சிற்றுயிர்களும் வளர்வதற்கென்று தாம் புதிதாக ஒதுக்கும் அறையான ரெஃபூஜியத்தின் அடியில் என்ன சப்ஸ்ட்ரேட், அதாவது மணல் போன்ற அடிப்பொருள், போடலாம் என்று கேட்டார். நான்கு ஆண்டுகளில் அந்தப் பம்பை இதே காரணத்துக்காக நான் திறப்பது ஐந்தாவது முறை. பீங்கான் அச்சில் வளையம் வளையமாகக் கீறல் விழுந்திருந்தது. நீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லர் அமரும் குழியில் வெண்ணிறத் தூள் பசைபோல் அடைந்திருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு நான் சொன்ன பதில் சுருக்கமாகவும் சற்றுச் சூடாகவும் இருந்தது. அது அவருடைய கேள்விக்குப் போதிய பதில் ஆகாது என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

என் தொட்டி 300 லிட்டர். சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், குளிரூட்டியின் துணையால் 26 பாகை செல்சியஸில் இயங்குகிறது. கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப்பின், அதாவது நீர் வடிகட்டும் துணைத் தொட்டியின், நடு அறைதான் ரெஃபூஜியம். நீளமும் அகலமும் 40 சென்டிமீட்டர். 2019இல் முதலில் அதில் கனிமச் சேற்றைப் போட்டேன். கௌலெர்பா பாசி அதில் வேரூன்றிச் செழித்ததைத் தவிர வேறு பயன் எதுவும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆண்டுதோறும் ஒரு பகுதியை மாற்ற வேண்டும் என்ற அறிவுரையும் அதற்கான செலவும் சேர்ந்ததும் அதைக் கைவிட்டேன். 2021இல், சர்க்கரை மணி அளவுள்ள அரகொனைட் (ஒரு சுண்ணாம்புக் கனிமம்) மணலை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஏறத்தாழ 25 கிலோ, பரப்பினேன். அந்த மணலைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மணலின் மேற்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் உள்ளே வரும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கீழே இருப்பவை நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடுகின்றன. மணி நுண்ணியதாக இருந்தால் நீர் உள்ளே ஊடுருவும் வேகம் குறைகிறது. ஆகவே பருமனான பவளச் சில்லுக்குப் பெரிய ஆழம் தேவைப்படும் வேலையை நுண்மணல் சில சென்டிமீட்டரிலேயே செய்துவிடுகிறது. மொனாக்கோவில் ழான் ழோபேர் 1980களில் வகுத்த முறை, பருமணலுக்கு அடியில் நீர் தேங்கும் ஒரு வெற்றிடத்தை விட்டு இதே பயனைத் தேடியது. பின்னர் அமெரிக்க விலங்கியலாளர் ரொனால்ட் ஷிமெக் வலியுறுத்திய ஆழ்மணல் முறை, நுண்மணலையும் அதை ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கும் சிற்றுயிர்களையும் நம்பியது. நான் பின்பற்றியது இதைத்தான். சிற்றுயிர்கள் கிளற வேண்டும் என்ற அந்த நிபந்தனையை அப்போது நான் வெறும் நன்மையாகவே படித்தேன்.

மணல் உண்மையிலேயே வேலை செய்கிறதா, மேலே நூல்கற்றைபோல் கிடக்கும் கீட்டோ பாசியின் உழைப்பை மணலின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேனா என்ற ஐயம் எனக்கு வெகுநாள் இருந்தது. 2023இல் ரெஃபூஜிய விளக்கு பழுதாகி, மாற்று விளக்கு வந்துசேர மூன்று வாரம் ஆனது. பாசி வெளுக்கத் தொடங்கியதும், அது அழுகி நீரைக் கெடுப்பதற்குள் முழுவதையும் அள்ளி வெளியே போட்டேன். மீன்களுக்குத் தீனியைக் குறைக்கவில்லை. மூன்று வார முடிவில் நைட்ரேட் 5 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 5 பங்கு) 8 வரை மட்டுமே ஏறியிருந்தது, பாஸ்பேட்டோ 0.04இலிருந்து 0.13க்குப் போய்விட்டது. ஒரு தொட்டியில் ஒரே ஒரு முறை கண்டதுதான் என்றாலும், மணல் எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நைட்ரஜனுக்கு வாயுவாகி வெளியேற ஒரு வழி உண்டு. பாஸ்பேட்டுக்கு அது இல்லை. அரகொனைட்டின் மேற்பரப்பில் அது ஒட்டிக்கொள்ளலாமே தவிர, பாசியை வெட்டி எடுப்பதுபோல் யாராவது எடுத்தாலொழியத் தொட்டியை விட்டு நீங்காது. மணல் கரைந்து கால்சியமும் காரத்தன்மையும் தரும் என்று பையின் மேல் எழுதியிருந்ததை நம்பி வாங்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமிலத்தன்மை கூடிய ஆழத்தில் அரகொனைட் கரைவது உண்மைதான். ஆயினும் நான் நாள்தோறும் ஊற்றும் காரக் கரைசலின் அளவை அது ஒரு மில்லிலிட்டர்கூடக் குறைக்கவில்லை.

நைட்ரேட்டுக்காக வாங்கிய மணல் எனக்குக் கொடுத்த பெரிய மகிழ்ச்சி நைட்ரேட்டில் இல்லை. ஆறேழு மாதங்களில் அந்த அறை உயிர்களால் நிரம்பியது. ரெஃபூஜிய விளக்கைத் தொட்டி விளக்குக்கு நேர்மாறாக இரவில் எரிய விடுவதால், அது அணையும் விடியற்காலையில் கைவிளக்கோடு குனிந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று. கண்ணாடியில் தூசு ஒட்டியதுபோல் கோப்பிபாட்கள் என்னும் நுண் ஓட்டுடலிகள் துள்ளும். மணலுக்கும் கண்ணாடிக்கும் இடையே புழுக்கள் வெட்டிய சுரங்கங்கள் ஓடும். இறால் போன்ற சிற்றுயிர்களான ஆம்பிபாட்கள் மணலில் குழி பறித்து உள்ளே பதுங்கும். விரல் நகத்தைவிடச் சிறிய நொறுங்கு நட்சத்திர மீன்கள் பாசிக்குள்ளிருந்து கைகளை மட்டும் நீட்டும். இவற்றை நம்பித்தான் மாண்டரின் மீன் ஒன்றை வாங்கத் துணிந்தேன். அந்த மீன் நாள் முழுவதும் கோப்பிபாட்களைக் கொத்திக்கொண்டே திரிவது. போட்ட தீனியைப் பெரும்பாலும் தொடாது. எத்தனையோ தொட்டிகளில் வயிறு ஒட்டி, மெலிந்து, சில மாதங்களில் இறந்துபோவது. என்னிடம் வந்தபோதும் அதன் வயிறு உள்வாங்கியே இருந்தது. இரண்டே மாதங்களில் அது உருண்டு திரண்டது. இப்போது மூன்றாவது ஆண்டு நடக்கிறது. சேறு இருந்த காலத்தில் இந்த மீனை வாங்க எனக்கு மனம் துணிந்திருக்காது.

இனி அந்தத் தூளைப் பற்றி.

மணலைக் கழுவாமல் போட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். வாளியில் கொட்டி, நீர் தெளியும் வரை பதினொரு முறை கழுவினேன். முதல் வாரத்து மங்கலையும் நான் குறையாகச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் வருவது, பாக்டீரியாப் படலம் மணிகளைப் பிணைத்ததும் தானே அடங்கிவிடுவது. நான் சொல்வது இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் ஓயாமல் எழும் தூளை. புழுக்கள் ஆழத்திலிருந்து நுண்துகள்களை மேலே கொண்டுவருகின்றன. ஆம்பிபாட்கள் குழி தோண்டும்போது அவற்றை நீரில் கிளப்பிவிடுகின்றன. மெல்லிய நீரோட்டமே அவற்றைத் தடுப்பு கண்ணாடிக்கு மேலாகத் தள்ளி ரிட்டர்ன் அறைக்கு அனுப்பப் போதுமானது. அங்கே அது பம்பின் குழிக்குள் புகுந்து, அச்சுக்கும் இம்பெல்லருக்கும் நடுவே அரைபடுகிறது. முதலில் ஒரு முனகல் கேட்கும். பிறகு நீர் மேலேறும் அளவு குறையும். ஒரு நாள் சுத்தம் செய்ய நிறுத்திய பம்ப் மீண்டும் கிளம்ப மறுக்கும். பம்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நீரைத் தள்ளுவதற்காகச் செய்த கருவி அது; மணலை அரைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று.

இதைத் தடுக்க நான் செய்த ஒவ்வொன்றும் ரெஃபூஜியத்தின் பயனில்தான் கைவைத்தது. ரிட்டர்ன் அறைக்கு முன் பஞ்சு வைத்தேன்; தூளோடு சேர்ந்து கோப்பிபாட்களும் அதில் சிக்கின, மாண்டரினுக்கு உணவு குறைந்தது. நீரோட்டத்தைப் பாதியாகக் குறைத்தேன். தூள் அடங்கியது, ஆனால் கீட்டோவின் உட்பகுதியில் கசடு தங்கி, அதன் மேல் வழவழப்பான செம்பழுப்புப் படலம் ஏறியது. தடுப்பு கண்ணாடியை 4 சென்டிமீட்டர் உயர்த்தினேன். இரண்டு மாதம் பலன் இருந்தது. மணலுக்கு உயிர்கொடுப்பவை எவையோ அவைதான் அதைக் கிளறித் தூளை எழுப்புகின்றன. அவை இல்லாவிட்டால் மணல் இறுகிக் கட்டியாகிவிடும். அவை இருக்கும்வரை தூள் நிற்காது. நான்கு ஆண்டுகளாக இதற்கு ஒரு தீர்வு தேடி, இல்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆழத்தைப் பற்றிய அச்சத்தையும் மறைக்கக் கூடாது. மணல் போட்ட முதல் ஆண்டில், சேற்றிலிருந்து மாற்றி நட்ட கௌலெர்பாவைக் களையெடுக்க இழுத்தபோது வேரோடு ஒரு பிடி மணலும் கிளம்பி, அடியிலிருந்த கறுப்பு அடுக்கு வெளிப்பட்டது. அழுகிய முட்டை நாற்றம் உடனே எழுந்தது, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு. பம்பை நிறுத்தி, அந்த அறையின் நீரைக் குழாய் வைத்து வாளியில் இறக்கிக் கொட்டிவிட்டேன், உயிரிழப்பு இல்லை. வேர் விடாத கீட்டோவுக்கு நான் மாறியது அதன் பிறகுதான்.

பவளச் சில்லை நான் என் தொட்டியில் போட்டதில்லை, போடவும் மாட்டேன். கசடு அதன் இடுக்குகளில் இறங்கித் தங்கிவிடும், அதை எடுக்கப் புழுக்களாலும் முடியாது. சிலிக்கா மணல் டயட்டம் பாசியைக் கொண்டுவரும் என்ற அச்சம் மிகையானது என்றே கருதுகிறேன். அந்த மணலின் கனிமமான குவார்ட்ஸ் அவ்வளவு எளிதில் கரைவதில்லை. எனினும் அதுவும் நுண்மணல்தான். அரகொனைட்டைவிடக் கடினமான மணி பம்புக்குள் போனால் அச்சு இன்னும் விரைவாகத் தேயும்.

ஆகவே நண்பருக்கு நான் சொல்வது, மணல் போடாதீர்கள். அடியைக் காலியாக விடுங்கள். கட்டம் கட்டமான பிளாஸ்டிக் சட்டம் ஒன்றைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்து, அதன் மேல் எலுமிச்சை அளவுப் பாறைத் துண்டுகளைத் தளர்வாக அடுக்குங்கள். மேலே கீட்டோவைப் போடுங்கள். மாதம் ஒரு முறை சட்டத்துக்கு அடியில் குழாயை விட்டுக் கசடை உறிஞ்சி எடுங்கள். கோப்பிபாட்கள் பாறை இடுக்குகளிலும் பெருகும், மணலில் பெருகிய அளவுக்கு இல்லாவிட்டாலும். நைட்ரேட் கூடினால் பாசியை இன்னும் அடிக்கடி வெட்டுங்கள், நீரை மாற்றுங்கள். மேலே இத்தனை நன்மையை எழுதிவிட்டு இப்படி முடிப்பது முரணாகத் தெரியும், தெரியட்டும். நன்மைகளை எண்ணிக் கூட்டினால் மணல்தான் வெல்லும் என்பதை அறிந்தேதான் சொல்கிறேன். கீறல் விழுந்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு இதே வேலையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் மணலை நான் எடுக்கப்போவதில்லை. அந்தக் கறுப்பு அடுக்கை மொத்தமாகக் கிளறும் துணிவு எனக்கில்லை. அதைவிட, மாண்டரினின் வயிறு மறுபடியும் ஒட்டுவதைப் பார்க்க என்னால் முடியாது. புதிய இம்பெல்லரையும் அச்சையும் மாட்டிவிட்டேன், பம்ப் ஓசையில்லாமல் ஓடுகிறது. நண்பர் மணல் பையை ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால், பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிடட்டும். தமக்கும் மாண்டரின் வேண்டும் என்று சொல்வாரானால் மட்டும், பையைத் திருப்புவதற்கு முன் என்னை ஒரு முறை அழைக்கட்டும்.